முட்டி போட்டால் அவமரியாதையா?

நம் பள்ளிக்கூடங்களில் முட்டி போடுவது தண்டனை. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து, வராந்தாவில் முட்டி போட்டவர்களுக்கு அந்தச் சிமென்ட் தரையின் சொரசொரப்பு இன்னும் நினைவிருக்கும். அதே முட்டி மாதா கோயிலில் பிரார்த்தனை ஆகிவிடுகிறது. அமெரிக்கக் கால்பந்தில் இன்னொரு வழக்கம் உண்டு. ஆட்டக்காரர் ஒருவர் அடிபட்டு எழ முடியாமல் கிடந்தால், மற்றவர்கள் ஒற்றை முழங்காலைத் தரையில் ஊன்றித் தலைகுனிந்து காத்திருப்பார்கள். அங்கே அது அக்கறை.

2016 செப்டம்பர் 1 அன்று அப்படிப்பட்ட ஒரு மைதானத்தில், அதே மாதிரி ஒற்றை முழங்காலை ஊன்றினார் காலின் கேப்பர்னிக். வித்தியாசம் ஒன்றுதான். அப்போது ஒலித்துக்கொண்டிருந்தது அமெரிக்காவின் தேசிய கீதம்.

அந்த முழங்காலைப் பற்றிய சண்டை இன்றுவரை ஓயவில்லை. அவருக்குப் பேச்சுரிமை இருக்கிறது என்று ஒரு தரப்பு சொல்கிறது. நாட்டை மதிக்கத் தெரியாதவர் என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. கொஞ்சம் கவனித்தால், இரண்டு தரப்பும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பது தெரியும். முதலாவது சட்டத்தைப் பற்றியது, இரண்டாவது மரியாதையைப் பற்றியது. இரண்டையும் ஒரே இலையில் கொட்டிப் பிசைந்ததால்தான் இத்தனை குழப்பம். தனித்தனியாக எடுத்துப் பார்ப்போம்.

நடந்தது என்ன

கேப்பர்னிக் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியின் குவாட்டர்பேக். அந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு: முட்டை வடிவப் பந்தைப் பெரும்பாலும் கையில் வைத்துக்கொண்டு ஆடுவது, பெயர் மட்டும் கால்பந்து. பந்தை யாருக்கு எறிவது, எப்போது ஓடுவது என்று களத்தில் முடிவெடுக்கிறவர் குவாட்டர்பேக். அணியின் முகம் என்றே சொல்லலாம். 2013 பிப்ரவரியில் தன் அணியைச் சூப்பர் போல் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனவர் கேப்பர்னிக். 34-க்கு 31 என்று மூன்றே புள்ளிகளில் தோற்றார்கள். 2016-க்குள் காயம், அறுவை சிகிச்சை எல்லாம் பார்த்து, மாற்று ஆட்டக்காரராக ஓரத்துக்கு வந்திருந்தார்.

அந்த ஆண்டு ஜூலையில் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் லூசியானாவில் ஆல்ட்டன் ஸ்டெர்லிங், மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டீல் என்ற இரண்டு கறுப்பின ஆண்கள் போலீஸ் சுட்டு இறந்தார்கள். இரண்டு சம்பவங்களும் வீடியோவாக நாடு முழுக்கப் பரவின. ஆகஸ்டில் சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள் தொடங்கின. கீதம் ஒலித்தபோது கேப்பர்னிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதல் இரண்டு ஆட்டங்களில் அதை யாரும் கவனிக்கவே இல்லை. ஆகஸ்ட் 26 அன்று மூன்றாவது ஆட்டம். அணி கீதத்துக்கு நிற்பதை ஒரு நிருபர் படம் பிடித்து ட்விட்டரில் போட்டார். அந்தப் படத்தில் எல்லோரும் நிற்க, கேப்பர்னிக் மட்டும் உட்கார்ந்திருந்தார். கேட்டபோது மறைக்கவில்லை. கறுப்பின மக்களை ஒடுக்குகிற ஒரு நாட்டின் கொடிக்காகப் பெருமையோடு எழுந்து நிற்க மாட்டேன் என்றார்.

அப்புறம் நடந்ததுதான் பலருக்குத் தெரியாத பகுதி. நேட் போயர் என்று ஒரு முன்னாள் ராணுவ வீரர். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் சிறப்புப் படையில் இருந்தவர். படையிலிருந்து வந்து கல்லூரியில் கால்பந்து ஆடி, 2015-ல் சியாட்டில் அணியில் கொஞ்ச நாள் இருந்தவர். உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்து அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் திட்டி எழுதாமல், ராணுவத்தினர் படிக்கும் ஒரு பத்திரிகையில் கேப்பர்னிக்குக்குத் திறந்த மடல் எழுதினார். அதைப் படித்த கேப்பர்னிக், நேரில் பேசலாம் வாருங்கள் என்று அழைத்தார். சான் டியேகோவில் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு ஹோட்டல் லாபியில் உட்கார்ந்து பேசினார்கள். சக ஆட்டக்காரர் எரிக் ரீடும் இருந்தார். தன்னந்தனியாகப் பெஞ்சில் உட்காராதே, சகாக்களோடு நில், நிற்க மனம் இல்லையென்றால் முழங்காலை ஊன்று என்று யோசனை சொன்னவர் போயர். இறந்துபோன தோழனின் கல்லறை முன்னால் சிப்பாய்கள் முழங்காலிட்டு அஞ்சலி செலுத்துவதை அவர் நினைத்துச் சொன்னார்.

ஆக, உலகமே பார்த்த அந்த முழங்கால், உட்காருவதைவிட மரியாதையாக இருக்கட்டும் என்று ஒரு சிப்பாயோடு பேசி எடுத்த முடிவு. அன்று மாலை சான் டியேகோ மைதானத்தில் நடந்தது ராணுவத்தினரைப் போற்றும் சிறப்பு இரவு. கேப்பர்னிக்கும் ரீடும் முழங்காலை ஊன்ற, பக்கத்தில் போயர் நெஞ்சில் கை வைத்து நேராக நின்றார். கூட்டம் கூச்சல் போட்டது.

கேப்பர்னிக்கிடம் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. போலீஸ்காரர்களைப் பன்றியாக வரைந்த காலுறைகளைப் பயிற்சியின்போது போட்டிருந்தார். அது வெளியானபோது, அவர் சொல்ல வந்ததைக் கேட்கத் தயாராக இருந்தவர்களில்கூடச் சிலர் முகம் திருப்பிக்கொண்டார்கள். மறுபக்கம், பத்து லட்சம் டாலரைத் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னார், கொடுத்தும் முடித்தார்.

அந்த சீசனோடு அவர் ஆட்டவாழ்க்கை முடிந்தது. 2017 மார்ச்சில் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்தவரை 32 அணிகளில் ஒன்றுகூடச் சேர்த்துக்கொள்ளவில்லை. அணி முதலாளிகள் கூடிப் பேசி என்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று முறையிட்டார். 2019 பிப்ரவரியில் தொகை வெளியே சொல்லாமல் சமரசம் ஆனது. கவனியுங்கள், அவர் முறையீட்டில் வாதாடியது பேச்சுரிமையை வைத்து அல்ல, முதலாளிகளும் ஆட்டக்காரர் சங்கமும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தை வைத்து. ஏன் என்று இனிப் பார்ப்போம்.

உரிமை, சரி. யாருக்கு எதிராக?

அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் 1791-ல் வந்தது. பேச்சு, பத்திரிகை, மதம், கூடுவது, முறையிடுவது எல்லாம் அதில் அடக்கம். ஆனால் அது தொடங்கும் விதத்தைப் பாருங்கள். மக்கள் எதையும் பேசலாம் என்று தொடங்கவில்லை. இவற்றைக் குறைக்கும் சட்டம் எதையும் நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்று தொடங்குகிறது. பூட்டு போட்டது அரசாங்கத்தின் கைக்கு. பிற்காலத் தீர்ப்புகள் அதை மாநில அரசுகளுக்கும், அரசுப் பள்ளிகளுக்கும், போலீசுக்கும் நீட்டின. தனியார் முதலாளிக்கு நீட்டவில்லை.

கேப்பர்னிக் ஆடிய என்எஃப்எல் லீக் தனியார் அமைப்பு. அணிகளும் பெரும்பாலும் கோடீஸ்வரர்களின் சொத்து. அதனால் அணி முதலாளி ஒருவர் கீதத்துக்கு எழுந்து நில், இல்லையென்றால் அபராதம் என்றால், முதல் திருத்தத்தைக் காட்டி அவரைத் தடுப்பது கஷ்டம். கடையில் வேலை பார்க்கிறவர் கடைச் சட்டையில் கட்சிச் சின்னம் குத்திக்கொண்டு வந்தால் முதலாளி கழற்றச் சொல்வாரே, கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான். முதலாளியைக் கட்டுப்படுத்துவது தொழிலாளர் சட்டமும், சங்கத்தோடு அவர் போட்ட ஒப்பந்தமும்.

இதே முழங்காலை இடம் மாற்றி வைத்துப் பாருங்கள், பதில் தலைகீழாகும். 2017 இலையுதிர் காலத்தில் கலிஃபோர்னியாவில் சான் பாஸ்குவல் என்ற சிறிய ஊரகப் பள்ளி மாவட்டத்தில் ஒரு மாணவர் பள்ளிக் கால்பந்து ஆட்டத்துக்கு முன் கீதத்தின்போது சத்தமில்லாமல் முழங்காலிட்டார். பக்கத்து மாநிலமான அரிசோனாவில் ஆடிய ஓர் ஆட்டத்தில் எதிரணிப் பள்ளி மாணவர்கள் வந்து வம்பு செய்தார்கள். உடனே பள்ளி நிர்வாகம், இனிமேல் ஆட்டங்களில் கீதத்துக்கு எல்லோரும் நின்றே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டது. மாணவர் வழக்குப் போட்டார். டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது.

கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கிய நட்சத்திரத்துக்கு இல்லாத பாதுகாப்பு, ஓர் ஊரகப் பள்ளிப் பையனுக்குக் கிடைத்தது எப்படி? அவன் படித்தது அரசுப் பள்ளி. எதிரே நின்றது அரசாங்கம். அவ்வளவுதான். வீரரின் உரிமை பற்றிய செய்தி எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: நில் என்று சொன்னது யார், அரசா, முதலாளியா?

அந்தத் தீர்ப்புக்கு அடித்தளம் போட்டது 1943-ல் வந்த பார்னெட் வழக்கு. யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கடவுளைத் தவிர எதற்கும் வணக்கம் செலுத்துவதில்லை. மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் அவர்களுடைய பிள்ளைகள் பள்ளியில் கொடிக்கு சல்யூட் வைக்க மறுத்தார்கள், வெளியேற்றப்பட்டார்கள். அந்த நாளில் அமெரிக்கப் பள்ளிகளில் சல்யூட் என்றால் வலது கையைக் கொடியை நோக்கி நேராக நீட்டுவது. ஹிட்லரின் ஆட்கள் செய்ததும் ஏறக்குறைய அதுதான் என்பதால் 1942 டிசம்பரில் நெஞ்சில் கை வைப்பதாக மாற்றினார்கள்.

இதே பிரச்சினை 1940-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது 8-க்கு 1 என்று பள்ளிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்திருந்தது. அதைத் தொடர்ந்து யெகோவா சாட்சிகளைத் தேசத்துரோகிகள் என்று பல ஊர்களில் அடித்தார்கள். மூன்றே ஆண்டில், இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருக்கும்போது, 6-க்கு 3 என்று நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே திருப்பிப் போட்டது. ஜூன் 14, அமெரிக்காவில் கொடி நாள், அன்றுதான் தீர்ப்பு வெளியானது. எழுதியவர் நீதிபதி ராபர்ட் ஜாக்சன். எது சரியான தேசபக்தி என்று வகுத்துச் சொல்லவும், அதை வாயால் ஒப்புக்கொள்ளும்படி குடிமகனைக் கட்டாயப்படுத்தவும் எந்த அதிகாரிக்கும் உரிமை இல்லை என்பது அதன் சாரம். பேசும் உரிமைக்குள்ளேயே பேசாமல் இருக்கும் உரிமையும் இருக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன தீர்ப்புகள் குறைவு.

அதன் அலை நம் கரைக்கும் வந்தது. கேரளத்தில் 1985-ல் அதே யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர், பள்ளியில் ஜனகணமன பாடும்போது எழுந்து மரியாதையாக நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளியை விட்டு அனுப்பினார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அறியப்படும் அதில் 1986-ல் நீதிபதி சின்னப்ப ரெட்டி, பிள்ளைகளை மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொன்னார். பார்னெட் தீர்ப்பையும் அவர் எடுத்துப் பேசியிருக்கிறார். நம் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டிப்பது, கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பவரையும், பாடும் கூட்டத்தில் கலாட்டா செய்பவரையும். வாயை மூடிக்கொண்டு நின்றவர் அதற்குள் வரமாட்டார்.

ஒரு "வேண்டும்" படுத்திய பாடு

சரி, அமெரிக்காவில் கீதத்துக்கு நிற்கச் சொல்லிச் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. கீதம் ஒலிக்கும்போது கொடியைப் பார்த்து நேராக நின்று வலது கையை நெஞ்சில் வைக்க வேண்டும், தொப்பி போட்டிருக்கும் ஆண்கள் அதைக் கழற்றி இடது தோளருகே பிடிக்க வேண்டும் என்று சட்டப் புத்தகத்தில் நுணுக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். செய்யாவிட்டால் என்ன தண்டனை? எதுவும் இல்லை.

இங்கே தமிழ் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றும். "வரி கட்ட வேண்டும்" என்றாலும் வேண்டும்தான், "பெரியவர்கள் வந்தால் எழுந்திருக்க வேண்டும்" என்றாலும் வேண்டும்தான். முதலாவது கட்டளை, இரண்டாவது பண்பு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இரண்டு சொற்கள். அந்தக் கீதச் சட்டம் முழுக்க இரண்டாவது வகைச் சொல்லால் எழுதப்பட்டது.

என்எஃப்எல் லீக்கின் 2016 கையேட்டிலும் இந்தச் சூட்சுமம் உண்டு. கீதத்தின்போது ஆட்டக்காரர்கள் எல்லோரும் மைதான ஓரத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டளைச் சொல் போட்டிருந்தார்கள். அங்கே நேராக நிற்க வேண்டும் என்ற இடத்தில் பண்புச் சொல். வக்கீல் வைத்து எழுதும் கையேட்டில் இது தவறிப்போய் விழுந்த சொல்லாக இருக்காது என்று நினைக்கிறேன். கேப்பர்னிக்கின் மீது லீக் அபராதம் போடாமல், அவருக்கு நிற்கவேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் நிற்பதையே நாங்கள் விரும்புகிறோம் என்ற மட்டில் நின்றுகொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

2017 செப்டம்பர் 22 அன்று அலபாமாவில் ஒரு கூட்டத்தில் அதிபர் டிரம்ப், முழங்காலிடுகிறவனை வேலையை விட்டுத் தூக்குங்கள் என்று முதலாளிகளைப் பார்த்து, கூடவே ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்துச் சொன்னார். அதுவரை சிலர்தான் அப்படிச் செய்துவந்தார்கள். அந்த வார இறுதியில் 200-க்கும் மேற்பட்டோர் முழங்காலிட்டார்கள் அல்லது உட்கார்ந்தார்கள். அதிபர் சொல்லி முதலாளி செய்தால் அது முதலாளியின் செயலா, அரசின் செயலா என்று சட்டப் பேராசிரியர்கள் அப்போது மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

2018 மே மாதம் முதலாளிகள் கூடி விதியை இறுக்கினார்கள். களத்துக்கு வந்தால் நின்றாக வேண்டும், விருப்பமில்லாதவர் உடைமாற்றும் அறையிலேயே இருந்துகொள்ளலாம், மீறினால் அணிக்கு அபராதம். ஆட்டக்காரர் சங்கம் முறையிட்டது. ஜூலையில் விதியைக் கிடப்பில் போட்டார்கள். 2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ் கொன்ற பிறகு லீக் ஆணையர் ரோஜர் குடெல், ஆட்டக்காரர்கள் சொன்னதை முன்னமே கேட்காமல் போனது எங்கள் தவறு என்று வீடியோவில் ஒப்புக்கொண்டார். அதில் கேப்பர்னிக்கின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் விதி இன்னும் கறார். கண்ணியமாக வரிசையில் நிற்பது கட்டாயம். மஹ்மூத் அப்துல் ரவூஃப் என்று டென்வர் அணியில் ஓர் ஆட்டக்காரர். மிசிசிப்பியில் ஏழ்மையில் வளர்ந்தவர். டூரெட் நோயால் உடல் தன்னிச்சையாகத் துள்ளும். அப்படியிருந்தும் ஃப்ரீ த்ரோ எறிந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கூடைக்குள் விழுந்த சீசன் அவருக்கு உண்டு. இஸ்லாத்தைத் தழுவியவர். அந்தக் கொடியை ஒடுக்குமுறையின் அடையாளமாகப் பார்க்கிறேன், அதை வணங்க என் மதம் இடம் தராது என்று கீதத்துக்கு நிற்காமல் இருந்தார். பல மாதங்கள் யாருக்கும் தெரியாமல்தான் போனது. விஷயம் வெளியே வந்ததும் 1996 மார்ச் 12 அன்று லீக் அவரை நிறுத்தி வைத்தது. ஓர் ஆட்டத்துக்குச் சம்பளப் பிடித்தம் சுமார் 31,700 டாலர். இரண்டொரு நாளில் சமரசம்: அவர் நிற்பார், நின்றபடி கைகளை ஏந்தித் தொழுதுகொள்வார். சிகாகோ மைதானத்தில் அப்படியே நின்றார். லீக்குக்கு வேண்டியது கிடைத்தது, அவருக்கு வேண்டியதும் கிடைத்தது, கூட்டம் ஊளையிட்டது. சில மாதங்களில் வேறு அணிக்கு அனுப்பப்பட்டார்.

2020 ஜூலை 30. கொரோனா காலம், ஆர்லாண்டோவில் பார்வையாளர் இல்லாத அரங்கம். அதே லீக், அதே விதி. யூட்டா, நியூ ஆர்லியன்ஸ் இரண்டு அணிகளின் ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், நடுவர்கள்கூடக் கீதத்தின்போது முழங்காலிட்டார்கள். விதியை இப்போது அமல்படுத்தப் போவதில்லை என்றார் லீக் தலைவர் ஆடம் சில்வர். விதியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. 1996-ல் எதிர்த்தவர் தனி ஆள், 2020-ல் சந்தையும் சகாக்களும் எதிர்த்தவர்கள் பக்கம் இருந்தார்கள். முதலாளி தரும் சுதந்திரம் இப்படித்தான், ரப்பர் மாதிரி.

மரியாதை என்ற இன்னொரு கேள்வி

இந்தத் தலைவலி அமெரிக்காவில் மட்டும் ஏன் இவ்வளவு? அங்கே உள்ளூர் அணிகள் மோதும் சாதாரண ஆட்டத்துக்கு முன்னாலும் கீதம் உண்டு. இங்கிலாந்தில் மான்செஸ்டரும் லிவர்பூலும் மோதும்போது யாரும் கீதம் பாடுவதில்லை.

அந்த வழக்கத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், 1918 செப்டம்பர் 5 அன்று சிகாகோவில் பேஸ்பால் உலகத் தொடரின் முதல் ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸ் இடைவேளையில் பேண்ட் வாத்தியக்காரர்கள் அந்தப் பாட்டை வாசித்தார்கள். கடற்படையிலிருந்து விடுப்பில் வந்து ஆடிக்கொண்டிருந்த ஃப்ரெட் தாமஸ் என்ற ஆட்டக்காரர் கொடியைப் பார்த்து விறைப்பாக சல்யூட் அடித்தார். மற்றவர்கள் நெஞ்சில் கை வைக்க, சோர்ந்து கிடந்த கூட்டம் எழுந்து பாடியது. அமைப்பாளர்கள் அடுத்த ஆட்டத்திலும் வாசிக்க வைத்தார்கள். அப்போது அது தேசிய கீதமே இல்லை, 1931-ல்தான் சட்டப்படி ஆனது. இரண்டாம் உலகப் போரில் எல்லா ஆட்டத்துக்கும் என்று வழக்கம் ஊன்றியது. வாசித்த நாளிலிருந்தே அது போரோடும் சிப்பாயோடும் பின்னிக்கிடக்கிறது. மகனைப் படையில் இழந்த ஒரு தாய்க்கு, அந்தப் பாட்டுக்கு ஒருவர் எழுந்து நிற்கவில்லை என்றால் அது அரசுக்குச் சொன்ன பதிலாகத் தெரியாது. தன் பிள்ளைக்கு நேர்ந்த அவமதிப்பாகத்தான் தெரியும். அந்த வலியை அறியாமை என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அதே சமயம் இன்னொன்றும் நடந்தது. 2015-ல் ஜான் மெக்கெய்ன், ஜெஃப் ஃப்ளேக் என்ற இரண்டு செனட்டர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மைதானங்களில் கொடி விரிப்பது, சிப்பாய்களை அழைத்துக் கைதட்டுவது போன்ற நிகழ்ச்சிகளுக்காகப் பாதுகாப்புத் துறை விளையாட்டு அணிகளுக்கு 68 லட்சம் டாலர் கொடுத்திருக்கிறது. தானாக வந்த மரியாதை என்று ரசிகர்கள் கண்கலங்கிப் பார்த்தவற்றில் சில, வரிப்பணத்தில் போட்ட விளம்பரம். மெக்கெய்ன் வியட்நாமில் ஐந்தாண்டுகளுக்கு மேல் போர்க்கைதியாக இருந்தவர். அவரே கேட்டதால் யாரும் எதிர்த்துப் பேச முடியவில்லை.

மரியாதைக் கேள்வி எவ்வளவு சிக்கலானது என்று காட்ட எனக்குத் தெரிந்து ஒரு காட்சி போதும். டிரம்ப் பேசிய இரண்டாவது நாள், 2017 செப்டம்பர் 24, சிகாகோ. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி, நிற்பதா முழங்காலிடுவதா என்ற தகராறே வேண்டாம், எல்லோரும் உள்ளேயே இருந்துவிடுவோம் என்று முடிவு செய்தது. அணியில் அலெஹாண்ட்ரோ வில்லனுவேவா என்ற ஆறடி ஒன்பது அங்குல ஆட்டக்காரர். ஆப்கானிஸ்தானில் மூன்று முறை பணியாற்றிய முன்னாள் ராணுவ அதிகாரி. கீதம் தொடங்கியபோது அவர் சுரங்கவழியின் வாயில் தனியாக, நெஞ்சில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நிழலில் அணியினர். அந்தப் படம் தீயாகப் பரவியது. அவர் பெயர் போட்ட ஜெர்சி நாட்டிலேயே அதிகம் விற்றது. அசல் தேசபக்தர் என்று கொண்டாடினார்கள்.

மறுநாள் அவர் நிருபர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டார். சகாக்களை நான் சங்கடத்தில் மாட்டிவிட்டேன், அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் கூச்சமாக இருக்கிறது என்றார். கொடியைக் கொஞ்சம் முன்னால் வந்து பார்க்கலாம் என்றுதான் போனாராம், மற்றவர்களை விட்டுத் தனியாகத் தெரிவோம் என்று நினைக்கவில்லையாம்.

நூறாண்டாக யாரும் யோசிக்காமல் செய்துவந்த செயல் அது, எழுந்து நிற்பது. ஒருவர் முழங்காலிட்ட பிறகு, நிற்பதும் ஒரு பேச்சாகிவிட்டது. நின்றால் அந்தப் பக்கம், முழங்காலிட்டால் இந்தப் பக்கம். சும்மா நின்றேன் என்று சொல்ல வழியில்லாமல் போனது.

2017-ல் நான் குடும்பத்தோடு ஒரு தியேட்டருக்குப் போயிருந்தேன். படத்துக்கு முன் கீதம் போட்டே ஆக வேண்டும், எல்லோரும் நிற்க வேண்டும் என்று 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்த நேரம். ஒரு கையில் பாப்கார்ன், மறு கையில் தூங்கிப்போன பிள்ளை. எழுந்து நின்றேன். பழக்கத்தில் எழுந்த கால்தான். ஆனால் கண் கொடியைப் பார்க்கவில்லை, யார் எழவில்லை என்று இருட்டில் துழாவியது. சுற்றியிருந்த பலருடைய கண்ணும் அதைத்தான் செய்தது. 2018 ஜனவரியில் நீதிமன்றமே அந்தக் கட்டாயத்தைத் தளர்த்திவிட்டது.

அரசாங்கமே எதிரே நிற்கும்போது, பின்னால் ஒரு பார்னெட் தீர்ப்பும் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு 2022 கால்பந்து உலகக் கோப்பையைப் பார்க்கலாம். ஈரானில் மஹ்சா அமினி என்ற இளம்பெண் போலீஸ் காவலில் இறந்த பின் மக்கள் தெருவில் இருந்த நேரம். நவம்பர் 21 அன்று இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் ஈரான் அணியினர் தங்கள் கீதத்துக்கு வாய் திறக்காமல் நின்றார்கள். நான்கு நாள் கழித்து வேல்ஸ் ஆட்டத்தில் முணுமுணுத்தார்கள்.

ஒலிம்பிக்கிலும் நிலைமை கறார்தான். 1968-ல் மெக்சிகோவில் 200 மீட்டர் ஓடிப் பதக்கம் வென்ற டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் மேடையில் ஷூ இல்லாமல் கறுப்புக் காலுறையோடு, கறுப்புக் கையுறை போட்ட கையை உயர்த்தியது தெரிந்த கதை. கார்லோஸ் தன் கையுறையை மறந்துவிட்டு வந்ததால் ஒரே ஜோடியை ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொண்டார்கள். அதனால்தான் படத்தில் ஒருவர் வலது கையும் மற்றவர் இடது கையும் தூக்கியிருக்கிறார்கள். பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், பறிக்கவில்லை. அணியிலிருந்து நீக்கி ஊருக்கு அனுப்பினார்கள். 2021 டோக்கியோவில் விதியைக் கொஞ்சம் தளர்த்தி, போட்டி தொடங்கும் முன் சைகை காட்ட விட்டார்கள். பதக்க மேடையில் இன்றும் கூடாது.

முழங்காலிடச் சொல்லிக் கட்டாயம்

இதுவரை பார்த்ததெல்லாம் நில் என்ற கட்டாயம். மறுபக்கமும் உண்டு. கீதத்தின்போது நடந்ததல்ல என்றாலும், கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு நினைவிருக்கும். 2021 அக்டோபரில் டி20 உலகக் கோப்பை. தென்னாப்பிரிக்க அணியில் ஆட்டத்துக்கு முன் இனவெறிக்கு எதிராகச் சிலர் முழங்காலிட்டார்கள், சிலர் முஷ்டியை உயர்த்தினார்கள், குவிண்டன் டி காக் இரண்டும் செய்யாமல் நின்றார். நிறவெறியின் வரலாறு உள்ள நாட்டின் அணி ஆளுக்கொரு விதமாக நிற்பது பார்க்க நன்றாக இல்லை என்று, அக்டோபர் 26 அன்று மேற்கிந்தியத் தீவுகள் ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்னால் வாரியம் எல்லோரையும் முழங்காலிடச் சொல்லி உத்தரவிட்டது. டி காக் அந்த ஆட்டத்தில் ஆடவே இல்லை.

இனவெறியர் என்று திட்டு விழுந்தது. இரண்டு நாள் கழித்து ஓர் அறிக்கை வெளியிட்டார். பெற்றோரில் ஒருவர் மட்டும் பொதுவான அவருடைய சகோதரிகள் கலப்பினத்தவர், மாற்றாந்தாய் கறுப்பினத்தவர். இப்படிச் செய்துதான் ஆக வேண்டும் என்று உத்தரவு வந்தபோது தன் உரிமை பறிபோனதாக உணர்ந்தேன் என்றார். ஏறக்குறைய அந்த மேற்கு வர்ஜீனியாப் பிள்ளைகளின் வாதம்தான், திசை மட்டும் வேறு. கேப்பர்னிக்கை ஆதரித்தவர்கள் டி காக்கைத் திட்டினார்கள், கேப்பர்னிக்கைத் திட்டியவர்கள் டி காக்குக்குக் கைதட்டினார்கள். இரண்டு பேருக்கும் ஒரே அளவுகோலை வைத்தவர்கள் எத்தனை பேர் என்று தேடிப் பார்த்தேன், அதிகம் தென்படவில்லை.

சகாக்களைப் புண்படுத்தியதற்கு அவர் மன்னிப்பும் கேட்டார். 30-ஆம் தேதி ஷார்ஜாவில் இலங்கைக்கு எதிரான ஆட்டத்தில், மற்றவர்களோடு வரிசையில் அவரும் முழங்காலை ஊன்றினார்.